கப்பலேறிப் போன கொள்ளுத்தாத்தாவைத் தேட: வட ஆர்க்காட்டுக்காரர்களுக்குச் சில வழிகள்

வேலூர்ப் பக்கம் பழைய குடும்பங்களில் பேச்சுக் கொடுத்தால், "எங்க தாத்தாவோட சித்தப்பா ஒருத்தர் கப்பலேறிப் போனார், அப்புறம் தகவலே இல்ல" என்று யாராவது ஒருவர் சொல்வார். எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு. எங்கே போனார் என்று கேட்டால் "கரும்புத் தோட்டத்துக்கு" என்பதோடு பேச்சு நின்றுவிடும். மூன்று வருடம் அலைந்துதான் அவரைப் பிடித்தேன், அதில் பாதி அலைச்சல் வீண்.

முதலில் வருஷத்தைப் பிடியுங்கள். பெரியவர்கள் 1877 என்றெல்லாம் சொல்ல மாட்டார்கள், "தாது வருஷப் பஞ்சத்துல" என்பார்கள், அது போதும். தாது வருஷம் 1876 சித்திரையில் பிறந்தது, பஞ்சம் 1878 வரை ஆட்டிவைத்தது. நேட்டாலுக்கு, அதாவது இன்றைய தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கத்துக்கு, முதல் கப்பலான ட்ரூரோ 1860-இல் சென்னையிலிருந்துதான் கிளம்பியது; ஆனால் 1866-இல் நின்றுபோன ஆளெடுப்பு 1874-இல்தான் மறுபடி ஆரம்பித்தது. ஆக "பஞ்சத்துக்கு நாலஞ்சு வருஷம் முன்னாடியே போயிட்டார்" என்று வீட்டில் உறுதியாகச் சொன்னால், நேட்டாலில் தேடி நேரத்தை வீணாக்காமல் மொரீஷியஸைப் பாருங்கள். ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல் விட்டதே 1903-இல்தான்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குத்தான் எல்லோரும் முதலில் ஓடுகிறார்கள், நானும் ஓடினேன். அரசாணை, கலெக்டர் கடிதம், பஞ்ச நிலவரம் எல்லாம் படிக்க அருமையான இடம், ஆனால் ஒரு தனி ஆளின் பெயரைத் தேடிப் போனால் நொந்துபோவீர்கள். ஆளின் விவரம் பெரும்பாலும் அவர் போய் இறங்கிய ஊரில்தான் கிடைக்கிறது. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன ஒன்றரை லட்சம் பேரின் கப்பல் பட்டியல் இருக்கிறது, அதைப் படியெடுத்து டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுதுலி ஆவண மையத்தில் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள தழும்பு மச்சம் வரை எழுதியிருக்கும். ஃபிஜிக்குப் போனவர்களின் அனுமதிச் சீட்டுகள் சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மொரீஷியஸுக்கு மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தைக் கேளுங்கள். அங்கே 1860-களுக்குப் பிந்தைய பதிவுகள் பலவற்றில் போட்டோவே உண்டு. இலங்கை, மலாயா என்றால் கதை வேறு, கங்காணி கூட்டமாக அழைத்துப்போனதால் இப்படி ஆளுக்கு ஒரு வரி கிடைப்பது கஷ்டம், அதற்குக் குடும்பக் கடிதங்களையும் தோட்டத்துப் பெயரையும்தான் நம்ப வேண்டும்.

சரி, காகிதம் கிடைத்துவிட்டது. இனிதான் வேலை. "வட ஆர்க்காடு" என்று பார்த்ததும் வேலூர், குடியாத்தம் என்று மனசு ஓடும், ஓடவிடாதீர்கள். அன்றைய வட ஆர்க்காட்டின் தலைநகரமே சித்தூர். சந்திரகிரி, காளஹஸ்தி எல்லாம் இதற்குள் அடக்கம். திருப்பத்தூர் அப்போது சேலம் ஜில்லா, திருவண்ணாமலை தென் ஆர்க்காடு. 1911 ஏப்ரலில்தான் சித்தூர் தனி மாவட்டமாகி, வட ஆர்க்காட்டுக்கு வேலூர் தலைநகரமானது. நேட்டாலுக்கு ஆளெடுப்பது அதே வருஷம் நின்றுபோனதால், அந்தக் காகிதங்களை எல்லாம் பழைய வரைபடத்தை வைத்துத்தான் படிக்க வேண்டும். வாணியம்பாடிக்காரர் தன் தாத்தாவை வட ஆர்க்காட்டில் தேடினால் கிடைக்கவே மாட்டார், சேலம் என்று தேட வேண்டும்.

அடுத்தது ஊர்ப்பெயர். இதைக் கண்ணால் படிக்காதீர்கள், வாய்விட்டுப் படியுங்கள். நம் ஆள் வாயால் சொன்னதைக் காதால் கேட்டு ஒரு குமாஸ்தா இங்கிலீஷில் எழுதியது அது. ஒரு காகிதத்தில் "கன்னியம்பாடி" போல எழுதியிருந்தது, அப்படி ஒரு ஊரைத் தேடி நான் போகாத இடமில்லை, கடைசியில் பார்த்தால் வேலூருக்குப் பக்கத்தில் பஸ்ஸில் தினமும் தாண்டிப்போகிற நம்ம கணியம்பாடி. இங்கிலீஷுக்கு ண, ன வித்தியாசம் கிடையாது. ட, த வித்தியாசமும் கிடையாது, ஒடுகத்தூர் "ஊடூகட்டூர்" ஆகிவிடும். வந்தவாசியை வாண்டிவாஷ் என்று எழுதியவர்கள்தானே! புதூர் என்று மட்டும் வந்தால் தாலுகாவையும் தகப்பன் பெயரையும் சேர்த்துப் பாருங்கள், தாலுகாவுக்கு நாலு புதூர் இருக்கும்.

ஆள் பெயரும் அப்படித்தான், முனுசாமி அங்கே மூன்சாமி. அங்கே உள்ள வாரிசுகளின் பரம்பரைப் பெயரை வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். டர்பனில் "கோவெண்டர்" என்பது நம் கவுண்டர்தான், ஆனால் கவுண்டர் என்றதும் கோயம்புத்தூருக்குப் பஸ் ஏற வேண்டாம். நம் பக்கம் வன்னியர்களும் கவுண்டர் என்றே போட்டுக்கொள்வார்கள், இன்னும் கிழக்கே போனால் அவர்களே நாயக்கர். சாதிக் கட்டத்தில் உள்ளதை நான் பாதிதான் நம்புவேன். ஊரைவிட்டு ஓடியவர் உண்மையைத்தான் சொல்லியிருப்பார் என்று என்ன கட்டாயம்?

கடைசியாக ஊருக்கு நேரில் போக வேண்டும். இங்கே நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் தடவை போனபோது பேனாவும் நோட்டுமாகப் போய், இன்னாருக்கு எத்தனை அண்ணன் தம்பி, யாருக்கு எந்த நிலம் என்று கேட்டேன். அரைமணி நேரத்தில் தெருவே வாயை மூடிக்கொண்டது. வெளிநாட்டுப் பங்காளிக்குப் பாகம் கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். இரண்டாவது தடவை திண்ணையில் உட்கார்ந்ததும், "சொத்துக்கு வரலைங்க பெரியவரே, எங்க சாமி எதுன்னு தெரிஞ்சிக்கத்தான் வந்தேன்" என்று சொன்ன பிறகுதான் தண்ணீரே கொடுத்தார்கள். குலதெய்வத்தைக் கேட்பது மரியாதைக்காக மட்டும் இல்லை. போனவர்கள் ஊர்ப்பெயரை மறந்தாலும் சாமியை மறக்கவில்லை. குடியாத்தத்தில் சிரசுத் திருவிழா எடுக்கும் கெங்கையம்மனுக்கு டர்பனிலும் கும்பிடு போடும் குடும்பங்கள் உண்டு. அவர்கள் பச்சையம்மன் என்றால் வாழப்பந்தல் பக்கமும் ஒரு பார்வை பாருங்கள். பட்டா, சிட்டா அதற்குப் பிறகு போதும், கூலிக்குக் கப்பலேறியவர்களில் பலர் பெயரில் ஒரு குழிகூட இருந்திருக்காது.

போவதானால் ஆடி மாதம் கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமையில் போங்கள். பெங்களூரு, சென்னையில் வேலைக்குப் போனவர்களும் அன்றைக்கு ஊரில் இருப்பார்கள், வயசான அத்தைமார்களும் கோயிலில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.