தூர்வாருவதற்கு முன்னும் பின்னும்: ஊர் கூடி ஏரியை மீட்கும் முறை

ஏரியை மீட்க வேண்டும் என்று ஊர் முடிவெடுத்ததும் பல இடங்களில் முதலில் கரையேறி நிற்பது மண் அள்ளும் இயந்திரம்தான். உண்மையில் அது கடைசியில் வர வேண்டியது. ஏரிக்கு நீரைக் கொண்டுவரும் கால்வாயான வரத்துக்கால் தூர்ந்து கிடக்கும்போது ஏரியை எவ்வளவு ஆழப்படுத்தினாலும், தன் பரப்பில் நேரே விழும் மழையை மட்டுமே அது தேக்கும்; மேட்டு நிலத்திலிருந்து வர வேண்டிய வெள்ளம் வழிமாறி யாருடைய வயலையோ தெருவையோ மூழ்கடித்துவிட்டுப் போகும். ஆகவே வேலையைக் காகிதத்திலும் காலால் நடந்து பார்ப்பதிலும் தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. 100 ஏக்கரும் அதற்கு மேலும் ஆயக்கட்டு (ஏரிநீர் பாயும் நிலப்பரப்பு) உடையவை பொதுவாக நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருக்கும். உங்கள் ஏரி யாருடைய பொறுப்பில் இருக்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, அ-பதிவேட்டின் (கிராம நில விவரப் பதிவேடு) நகல், கிராம வரைபடம், ஒவ்வொரு புல எண்ணின் அளவுகளைக் காட்டும் புலப்படம் ஆகியவற்றைப் பெறுங்கள். ஏரியின் புல எண் மட்டும் போதாது. வரத்துக்கால், கலங்கிலிருந்து (ஏரி நிரம்பினால் நீர் வழியும் அமைப்பு) உபரிநீர் செல்லும் கால், பாசனக்கால் ஆகியவற்றின் புல எண்களும் தேவை. வரத்துக்கால் இரண்டு மூன்று கிராமங்களைக் கடந்து வருவது வழக்கம் என்பதால் அந்தக் கிராமங்களின் வரைபடங்களையும் சேர்த்து வாங்க வேண்டும். இந்த இடத்தில் சோம்பல் பட்டால் பின்னால் ஒவ்வொரு அலுவலகத்திலும் பதில் சொல்ல முடியாமல் நிற்க நேரிடும்.

வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் அந்த வரைபடங்களோடு வரத்துக்காலை மேலிருந்து கீழாக நடந்து பாருங்கள். நீர் எங்கே தேங்குகிறது, எந்தச் சாலைக்கடியில் குழாய் சிறுத்திருக்கிறது, எந்த வேலிக்குள் கால் மறைந்துபோகிறது என்பதெல்லாம் கோடையில் தெரியாது. ஊரில் நீர்பாய்ச்சும் பொறுப்பு வகித்த முதியவர் ஒருவர் இருந்தால் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். புலப்படத்தில் இல்லாத பல செய்திகள் அவரிடம் இருக்கும்.

இதன்பின் கிராம சபைத் தீர்மானம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் சபை கூடுகிறது. ‘ஏரியைச் சீரமைக்க வேண்டும்’ என்ற பொதுவான வாசகத்தைவிட, புல எண்களைக் குறிப்பிட்டு அளவீடு செய்து எல்லைக்கல் நடக் கோரும் தீர்மானமே பயன்படும். அதன் நகலை இணைத்து வட்டாட்சியருக்கும் பொறுப்புத் துறைக்கும் மனு அளியுங்கள். ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரம் அரசுக்கே உண்டு. நீர்வளத் துறையின் ஏரிகளுக்கு 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. ஊரார் தாமே வேலியைப் பிடுங்கினால் வேலை வழக்காக மாறிவிடும். நீர்வரவை முழுதாக மறிக்கும் பெரிய ஆக்கிரமிப்பை விட்டுவிட்டுக் கரையோரக் குடிசையில் கைவைக்கும் ஏரிச் சீரமைப்புக் குழுவை ஊர் நம்பாது, நம்பவும் கூடாது.

உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. அதற்கு யார் உறுப்பினராகலாம், கணக்கு காட்டாதவர்களை என்ன செய்வது என்பதுவரை விதி வகுத்திருந்தார்கள். இன்றைய குழுவுக்கும் அதே இரண்டு கேள்விகள்தான் முக்கியம். முதலில் நீர் பெறும் தலைமடை நிலக்காரர்கள் மட்டும் நிரம்பிய குழு நிலைக்காது; கடைசியில் நீர் பெறும் கடைமடை விவசாயி, ஆடு மாடு மேய்ப்பவர், நிலமற்றோர், பெண்கள் ஆகியோரும் இருக்க வேண்டும். வரவு செலவை வாரந்தோறும் பொது இடத்தில் எழுதி ஒட்டுங்கள். 2018இல் கஜா புயல் தாக்கிய பின், பேராவூரணியில் இளைஞர்களும் விவசாயிகளும் ஒன்றுசேர்ந்து நன்கொடை திரட்டி 2019இல் பெரிய ஏரியைத் தூர்வாரினார்கள். இத்தகைய வேலைக்கு நன்கொடை தொடர்ந்து வருவதும் நின்றுபோவதும் கணக்கைப் பொறுத்ததே.

மாசி, பங்குனியில் நீர் வற்றியதும் சீமைக்கருவேலத்தை வேரோடு அகற்றலாம். வெட்டுவதோடு விட்டுவிட்டால் மீண்டும் துளிர்க்கும். மரத்தை முறைப்படி ஏலம் விட்டால் செலவில் ஒரு பகுதி ஈடாகும். நாட்டுக் கருவேலத்தையும் நீர்மருதத்தையும் விட்டுவைக்க வேண்டும், அவற்றில் பறவைகள் கூடு கட்டும். வண்டலை விவசாயிகள் வட்டாட்சியரின் அனுமதியோடு கட்டணமின்றி எடுக்கலாம். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் என்பது விதி. சாயநீரும் சாக்கடையும் கலந்த ஏரியின் மண்ணைச் சோதனை செய்யாமல் வயலில் இடக் கூடாது. அந்த ஏரிகளில் கழிவுநீர் வரும் வழியை அடைக்காமல் தூர்வாருவது வீண் செலவு.

தோண்டும்போது கவனம் மிக அதிகம் தேவை. மேலே படிந்த வண்டலை மட்டும் எடுத்து, அடியிலுள்ள களிமண் படுகையை அப்படியே விட வேண்டும். அதை உடைத்தால் நீர் நிற்காது. கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். பள்ளமும் மேடுமாகக் கண்ட இடத்தில் அள்ளுவது மண் வியாபாரத்துக்குத்தான் உதவும். எவ்வளவு ஆழம் என்பதைப் பொறியாளர் மட்டம் பார்த்துக் குறித்துக் கொடுக்க வேண்டும். கரையை உயர்த்தும்போது பழைய சரிவைப் படிக்கட்டு போலச் செதுக்கி, புதுமண்ணை மெல்லிய அடுக்குகளாகக் கொட்டி, ஈரப்படுத்தி, ஒவ்வோர் அடுக்கையும் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். கலங்கின் உயரத்தை ஊரார் தாமாக ஓர் அங்குலமும் கூட்டக் கூடாது. கூட்டினால் மேற்புற நிலங்கள் மூழ்கும், பெருமழையில் கரையும் உடையும். கரையின் வெளிச்சரிவில் பனை விதையுங்கள். மதகுக்கருகில் எந்த மரமும் வேண்டாம்.

முதல் மழையில் நீர் ஏறும்போது இரவும் பகலும் கரையைச் சுற்றி வர ஆள் வையுங்கள். வெளிச்சரிவில் கலங்கலாகக் கசிவு கண்டால் மண் அரிக்கப்படுகிறது என்று பொருள், உடனே துறையினருக்குச் சொல்லி மணல் மூட்டை அடுக்க வேண்டும். தெளிந்த கசிவைக் குறித்துவைத்துக் கவனித்தால் போதும். மீன் குத்தகை விடும்போது ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கக் கூடாது, மீன் பிடிப்பதற்காக மதகைத் திறக்கக் கூடாது, எந்த அளவுக்குக் கீழே நீரை இறைக்கக் கூடாது என்ற மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுதி, அந்த அளவை மதகுக் கல்லில் சிவப்புக் கோடாக வரைந்துவிடுங்கள்.