எல்லாம் டையோடுதானே என்று மாற்றிப் போடுவதற்கு முன்

குறுவைக்கு ஊரெல்லாம் மோட்டார் ஓடும்போது, மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கம் லைன் கடைசியில் இருக்கும் கிராமங்களில் வோல்டேஜ் இறங்கிப்போகும். மோட்டார்கள் நின்றதும் சரசரவென்று ஏறும். செல்போன் ஸ்டார்ட்டர், சோலார் பம்பு, இன்வெர்ட்டர் எல்லாம் வந்த பிறகு, இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குவது பெட்டிக்குள் இருக்கும் சின்னச் சின்ன செமிகண்டக்டர் சாமான்கள்தான். எரிந்ததை எடுத்துவிட்டு, அதே உருவத்தில் கையில் கிடைத்ததைப் போடுகிறார்கள். ஒரு வாரம் ஓடி மறுபடி எரிந்தால், "டூப்ளிகேட் சாமான்" என்று கடைக்காரர் மேல் பழி. சில சமயம் அது உண்மைதான். பல சமயம் சாமான் அசல், இடம்தான் தப்பு. டையோடு என்பது கரன்டை ஒரு பக்கமாக மட்டுமே விடும் சாமான். சிறப்பு டையோடு ஒவ்வொன்றும் ஒரு குணத்தைப் பெறுவதற்காக இன்னொன்றை விட்டுக்கொடுத்திருக்கிறது. எதை விட்டுக்கொடுத்தது என்று பார்க்காமல் போட்டால் எரியத்தான் செய்யும்.

எல்லோர் டப்பாவிலும் இருக்கும் 1என்4007-ஐ எடுத்துக்கொள்வோம். 1000 வோல்ட், 1 ஆம்பியர். வீட்டுக் கரன்டை டிசி ஆக்க இதைவிட மலிவான, நம்பகமான ஆள் கிடையாது. அதனாலேயே இதை எல்.இ.டி டிரைவரிலும், வேகமாக ஆன்-ஆஃப் ஆகி வேலை செய்யும் எஸ்.எம்.பி.எஸ் சப்ளையிலும் போட்டுவிடுகிறார்கள். இந்த டையோடு ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று வோல்டேஜைத் திருப்பினால் உடனே அடைக்காது. உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடிய சில மைக்ரோ செகண்டு ஆகும். அதுவரை கரன்ட் பின்பக்கமாகவும் பாயும். வீட்டுக் கரன்டின் 50 ஹெர்ட்ஸில் இது ஒரு பொருட்டே இல்லை. அந்த சப்ளைகள் ஓடும் 50 கிலோ ஹெர்ட்ஸ் போன்ற வேகத்தில் ஒரு சுற்றே 20 மைக்ரோ செகண்டுதான். அதில் கணிசமான பங்கு பின்னோட்டத்தில் போனால் டையோடு சூடாகி வெடிக்கும். அங்கே வேண்டியது யுஎஃப்4007. அதே 1000 வோல்ட், அதே 1 ஆம்பியர், ஆனால் 75 நானோ செகண்டில் அடைத்துவிடும். உருவத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல இருப்பதால், லென்ஸ் வைத்து எழுத்தைப் படிக்காமல் சோல்டரிங் அயர்னைத் தொட வேண்டாம்.

வேகம்தானே வேண்டும் என்று ஷாட்கி டையோடைப் போடுவது அடுத்த தப்பு. இதில் உலோகமும் செமிகண்டக்டரும் நேரடியாகச் சேர்ந்திருப்பதால் தேங்கும் மின்னூட்டம் அநேகமாக இல்லை. வோல்டேஜ் இழப்பும் குறைவு. விட்டுக்கொடுத்தது பின்வோல்டேஜ் தாங்கும் சக்தியை. 1என்5819 தாங்குவது 40 வோல்ட் மட்டுமே. 18 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு இது போதும் என்று தோன்றும். ஆனால் 18 என்பது ஆர்.எம்.எஸ் கணக்கு, அதாவது ஏசியின் ஒருவகைச் சராசரி; உச்சம் சுமார் 25.5. ஒற்றை டையோடும் பின்னால் கெப்பாசிட்டரும் இருந்தால் டையோடின் மேல் விழுவது அதன் இரட்டிப்பு, 51 வோல்ட். அப்புறம், ஷாட்கி சூடாக ஆகப் பின்கசிவு ஏறும், கசிவு ஏற இன்னும் சூடாகும்.

சோலார் பேனலின் பின்பக்கப் பெட்டியில் இருப்பவையும் பெரும்பாலும் ஷாட்கிதான். 72 செல் பேனலில் வழக்கமாக மூன்று பைபாஸ் டையோடு. ஒவ்வொன்றும் 24 செல்லைப் பார்த்துக்கொள்கிறது. தென்னை மட்டை நிழல் ஒரு பகுதியில் விழுந்தால், கரன்ட் அந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டு டையோடு வழியாகப் போகும். தினமும் பல மணி நேரம் நிழல் என்றால் அந்த டையோடு சூட்டிலேயே கிடந்து ஒருநாள் ஷார்ட் ஆகிவிடும். நல்ல வெயிலிலும் பேனல் வோல்டேஜ் மூன்றில் ஒரு பங்கு குறைந்து நின்றால், பேனல் போய்விட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் அந்தப் பெட்டியைத் திறந்து பாருங்கள். புதிய டையோடைத் திருப்பிப் போட்டுவிட்டால் அந்த 24 செல்லின் முழுக் கரன்டும் வெயில் இருக்கும்வரை அதன் வழியாகவே ஓடும்.

வோல்டேஜை ஒரே அளவில் பிடித்து நிறுத்தும் ஜீனர் டையோடு விஷயத்தில் கணக்கை விட்டுவிடுவார்கள். ரிலே ஓட்ட 12 வோல்ட் வேண்டும், சப்ளை 18 வோல்ட் என்று வையுங்கள். ரிலேவுக்கு 30, ஜீனருக்கு 10, ஆக 40 மில்லி ஆம்பியர். நடுவில் 150 ஓம் ரெசிஸ்டர். இதுவரை சரி. இரவில் லைன் வோல்டேஜ் ஏறி, ரிலேவும் ஓய்வில் இருந்தால் சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் சப்ளை 24 வரைகூடப் போகலாம். அப்போது ரெசிஸ்டர் வழியே 80 மில்லி ஆம்பியர். வாங்கிக்கொள்ள ரிலே இல்லாததால் அத்தனையும் ஜீனர் தலையில். 12 வோல்ட்டால் பெருக்கினால் 0.96 வாட். அரை வாட் ஜீனர் நிற்காது. தகரப் பெட்டிக்குள், சித்திரை வெயிலில், 1 வாட் ஜீனரும் தாங்காது. லோடு இல்லாத நேரத்தில்தான் ஜீனருக்கு வேலை அதிகம் என்பது பலருக்கும் தலைகீழாகப் படும், ஆனால் கணக்கு அப்படித்தான். ரெசிஸ்டரும் அதே அளவு சூட்டைத் தாங்க வேண்டும், 2 வாட் போடுங்கள். மல்டிமீட்டரை டையோடு சோதனை நிலையில் வைத்து 0.6 காட்டினால் ஜீனர் உயிரோடு இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். அது எத்தனை வோல்ட் ஜீனர் என்று தெரியாது.

சரி, செமிகண்டக்டர் சுவிட்சுகளுக்கு வருவோம். எஸ்.சி.ஆர் என்பது வரப்பில் வெட்டிய மடை. திறக்க மண்வெட்டியால் ஒரு கொத்து போதும், ஆனால் தண்ணீர் வேகமாக ஓடும்போது மண் போட்டு அடைக்க முடியாது. வரத்து குறைந்தால்தான் அடைபடும். கேட் என்ற கட்டுப்பாட்டுக் காலில் ஒரு சின்னத் துடிப்பு கொடுத்தால் திறக்கும். கேட்டை எடுத்துவிட்டாலும் மூடாது; கரன்ட் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்க வேண்டும். ஏசியில் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் கரன்ட் தானாகச் சுழியைத் தொடுவதால் பிரச்சினை இல்லை. டிசியில் போட்டுவிட்டு, "ஆஃப் ஆகவே மாட்டேன் என்கிறது" என்று புலம்பினால் எஸ்.சி.ஆர் என்ன செய்யும்? ஆனால் மோட்டார் கேபிள் திருட்டுக்கு வைக்கும் பேட்டரி அலாரத்தில் இதே பிடிவாதம்தான் நமக்கு வேண்டும்.

இரு பக்கமும் கடத்தும் டிரையாக்கில் கவனம் இன்னும் கூட வேண்டும். கான்டாக்டர் காயில் போன்ற லோடில் கரன்ட், வோல்டேஜுக்குப் பின்னால் வரும். கரன்ட் சுழியைத் தொட்டு டிரையாக் அடைக்கும் நொடியில், எதிர்ப்பக்க வோல்டேஜ் ஏற்கெனவே ஏறி நிற்கும். அது சட்டென்று டிரையாக் மேல் பாய, கேட் சொல்லாமலேயே மறுபடி திறந்துகொள்ளும். இதைத் தடுக்க 100 ஓம் ரெசிஸ்டரையும் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரையும் தொடராகச் சேர்த்து டிரையாக்குக்குக் குறுக்கே போடுகிறோம். ஆனால் டிரையாக் அடைத்திருக்கும்போதும் அந்தக் கெப்பாசிட்டர் வழியே, 230 வோல்ட்டில், சுமார் 7 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். சேற்றில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அது விளையாட்டு இல்லை. போதாக்குறைக்கு, டிரையாக் பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகிறது. போனில் ஆஃப் கொடுத்தாலும் மோட்டார் நிற்காது. ஆகவே போன் திரையில் ஆஃப் என்று வந்ததை நம்பி வயரில் கை வைக்கக் கூடாது. மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, டெஸ்டரால் பார்த்த பிறகுதான். பிடி136, பிடிபி16 வகைகளில் முதுகு உலோகத்திலும் கரன்ட் இருக்கும் என்பதால் ஹீட் சிங்க்கைத் தொடுவதும் வயரைத் தொடுவதும் ஒன்றுதான். பிடிஏ16-க்கு முதுகு இன்சுலேட் செய்யப்பட்டது. ஸ்டார்ட்டர் பெட்டிக்கு அதைத்தான் வாங்குவேன்.

பழைய டிரையாக் ரெகுலேட்டரில் புதிய பி.எல்.டி.சி ஃபேனை மாட்டாதீர்கள். அதற்கு முழு அலை வேண்டும்.

கேட்டில் வோல்டேஜ் கொடுத்துத் திறக்கும் மாஸ்ஃபெட் சுவிட்சில் ஒரே தப்பைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஐஆர்எஃப்540-இன் விவரத் தாளில் கேட் வோல்டேஜ் 2 முதல் 4 வோல்ட் என்று இருப்பதைப் படித்துவிட்டு, ஆர்டினோ கன்ட்ரோல் போர்டின் 5 வோல்ட் போதும் என்று பாலிடெக்னிக் மாணவர்கள் போடுகிறார்கள். அந்த எண் கால் மில்லி ஆம்பியர் கசியத் தொடங்கும் இடம். முழுதாகத் திறக்க 10 வோல்ட் வேண்டும். பாதி திறந்த நிலையில் ஸ்பிரேயர் மோட்டாரை ஓட்டினால் மாஸ்ஃபெட் அடுப்பாகும். ஐஆர்எல்இசட்44 போன்ற லாஜிக் லெவல் ரகம் 5 வோல்ட்டிலேயே திறந்துவிடும். எதைப் போட்டாலும் கேட் காலுக்கும் சோர்ஸ் காலுக்கும் நடுவில் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். அது இல்லாவிட்டால், பேட்டரியை மாட்டியதும் ஆர்டினோ விழிப்பதற்குள் மோட்டார் தானாகச் சுற்ற ஆரம்பித்துவிடும்.