நீர் சுழன்றாலே வேர்ல்பூல் ஆகிவிடாது

பாறை கிடக்கும் ஆற்றைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். நடு ஓட்டம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். பாறைக்குப் பின்னால் மட்டும் தண்ணீர் திரும்பி, ஓட்டத்துக்கு எதிராக மேலேறி வந்து, பாறையை ஒட்டி மெல்ல வட்டமிடும். ஒரு சருகு அதில் மாட்டிக்கொண்டால் போகவும் போகாது, முழுகவும் முழுகாது, அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். தமிழில் இதுவும் சுழல்தான், படகைக் கவிழ்க்கும் கடற்சுழியும் சுழல்தான். அந்தப் பழக்கத்திலேயே ஆங்கிலத்தில் எழுதும்போதும் எல்லாவற்றுக்கும் வேர்ல்பூல் என்று போட்டுவிடுகிறோம். நான் அதிகம் பார்க்கிற தவறு இதுதான்.

பாறைக்குப் பின்னால் நடப்பதற்குப் பெயர் எடி. அந்தச் சொல்லின் உயிரே எதிர்த்துத் திரும்புவதில்தான் இருக்கிறது. ஓட்டம் ஒரு பக்கம் போக, அதிலிருந்து பிரிந்த நீர் பின்னோக்கி வளைந்து வர வேண்டும். வேகமான ஆறுகளில் கயாக் ஓட்டுபவர்கள் இந்த எடிகளைத் தேடிப் போய், அதற்குள் படகைத் திருப்பி நிறுத்தி இளைப்பாறுவார்கள். அதையே மொழிபெயர்க்கிறவர் "வேர்ல்பூலில் ஓய்வெடுத்தார்கள்" என்று எழுதினால், படிக்கிற ஆங்கிலேயருக்குப் பகீரென்றிருக்கும். அதற்காக எடி என்றாலே ஆபத்தில்லாதது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஓடும் நீரும் திரும்பும் நீரும் உரசுகிற எல்லையை எடி லைன் என்பார்கள். கவனமில்லாமல் அதைக் கடக்கிற படகு கவிழ்ந்துவிடும்.

எடி என்றால் சின்னது, வேர்ல்பூல் என்றால் பெரியது என்று சிலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். அதுவும் சரியில்லை. கடலியலில் எடி என்று சொல்கிற சுழற்சிகள் 100 கிலோமீட்டருக்கு மேல் அகலமாகவும் இருக்கும், மாதக்கணக்கில் நீடிக்கவும் செய்யும். பெரிய கடலோட்டம் நெளியும்போது அதிலிருந்து ஒரு வளையம் துண்டாகிப் பிரிந்து, தனியே சுற்றிக்கொண்டு போகும். ஆகவே அளவை வைத்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

சரி, வேர்ல்பூல் எப்போது வரும்? ஓர் இடத்தில் நீர் வேகமாகச் சுழன்று, நடுவில் குழிந்து, மிதப்பதை உள்ளே இழுக்கும் என்றால் வேர்ல்பூல். எதிரெதிர் ஓட்டங்கள் மோதும் கடல் இடுக்குகளில் இது இயல்பாகவே உண்டாகும். ஜப்பானின் நருடோ நீரிணையில் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கம், உச்சத்தில் இருக்கும்போது 20 மீட்டர் விட்டம் வரைக்கும் சுழிகள் எழும். அவற்றுக்கு அடியில் ஓட்டை ஏதும் கிடையாது. வேர்ல்பூல் என்றதும் கீழே ஒரு துளை இருப்பதாகக் கற்பனை செய்து, "நீர் வடிந்து போகிறது" என்ற பொருளில் எழுதுவது இன்னொரு தவறு. துளையால் உண்டான சுழியும் உண்டுதான். 1980 நவம்பரில் அமெரிக்காவின் லூசியானாவில், பென்யூர் ஏரியில் எண்ணெய்க்காகத் துளைத்தபோது துரப்பணம் அடியிலிருந்த உப்புச் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டது. ஏரி நீர் சுரங்கத்துக்குள் கொட்டி, மேலே எழுந்த சுழி துளையிடும் மேடையையும் 11 சரக்குப் படகுகளையும் விழுங்கியது. ஆனால் இது விதிவிலக்கு. பொதுவாகத் தண்ணீரைச் சுற்ற வைப்பவை ஓட்டங்களின் மோதலும் அடித்தரையின் அமைப்பும்தான்.

பயங்கரமான பெருஞ்சுழியைக் குறிக்கும் மேல்ஸ்ட்ரம் என்ற சொல்லை அலங்காரத்துக்காக எடுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தொட்டி நீர் சுழல்வதற்கெல்லாம் அது தாங்காது. அரைப்பது, ஓட்டம் என்று பொருள்படும் இரண்டு டச்சுச் சொற்கள் சேர்ந்து உண்டானது. நார்வேயின் லோஃபோடன் தீவுகளை ஒட்டிய சீறும் கடலுக்குப் பெயராகப் பழைய வரைபடங்களில் இடம்பிடித்தது. இன்றைக்குப் பெரும்பாலும் உருவகமாகத்தான் வருகிறது: போரின் மேல்ஸ்ட்ரம், உணர்ச்சிகளின் மேல்ஸ்ட்ரம் என்று. எழுத்துப்பிழையும் இதில் அதிகம். கடைசிப் பகுதியைப் புயலுக்கான ஆங்கிலச் சொல் என்று நினைத்து எழுதிவிடுகிறார்கள். டி-க்கு அடுத்து ஆர், அப்புறம் ஓ, கடைசியில் எம். அது ஓட்டம், புயல் அல்ல.

வோர்டெக்ஸ் அறிவியல் எழுத்தின் சொல். நீர், காற்று, புகை எதுவானாலும் ஓர் அச்சைச் சுற்றிச் சுழன்றால் வோர்டெக்ஸ்தான். அறிக்கையில் அது பொருந்தும். கதையில் ஒரு சிறுவன் குளத்தைப் பார்த்து வியக்கும் இடத்தில் அதைப் போட்டால் வறட்டுத்தனமாக இருக்கும். பன்மை வோர்டிசீஸ், அல்லது வோர்டெக்சஸ், இரண்டும் சரி. அந்தப் பன்மையிலிருந்து கழித்து "வோர்டிஸ்" என்று ஓர் ஒருமையை உருவாக்காதீர்கள், அப்படிச் சொல்லே இல்லை.

ஜைர் என்பது பெருங்கடல் அளவில் நடக்கும் ஓட்டங்களின் சுழற்சி. வட அட்லாண்டிக், தென் அட்லாண்டிக், வட பசிபிக், தென் பசிபிக், இந்தியப் பெருங்கடல் என்று முக்கியமானவை 5. பிளாஸ்டிக் குப்பை சேர்வதைப் பற்றிய கட்டுரைகளில் இதை "ராட்சத வேர்ல்பூல்" என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு முழுச் சுற்றுக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும். கப்பலில் போகிறவருக்குச் சுற்றுவதே தெரியாது. உள்ளே இழுத்து விழுங்கும் படம் வாசகர் மனதில் எழும்படி அதை எழுதுவது முழுத் தவறு.

அடுத்து வினைச்சொற்கள். ஸ்வேர்ல் இரண்டு விதமாகவும் வரும்: நீர் தானாகச் சுழலலாம், நாமும் நீரைச் சுழற்றலாம். எடி வினையாக வரும்போது நீர்தான் எழுவாய். "நான் தண்ணீரை எடி செய்தேன்" என்ற பொருளில் வாக்கியம் அமையாது. ஆய்வகக் குறிப்பில் ஸ்வேர்ல் என்ற கட்டளையைக் கண்டதும் "நன்றாகக் குலுக்கவும்" என்று மொழிபெயர்ப்பதைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது. டைட்ரேஷனில், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இன்னொன்றின் செறிவை அளக்கும் சோதனையில், கூம்புக்குடுவையின் கழுத்தைப் பிடித்து, அடிப்பாகம் சின்னதாக வட்டமடிக்கும்படி மணிக்கட்டை அசைக்க வேண்டும். திரவம் சுவரை ஒட்டி வழுக்கிக்கொண்டு சுற்றும், ஒரு சொட்டும் வெளியே வராது. குலுக்கினால் தெறிக்கும், கண்ணாடிக் கம்பியால் கலக்கினால், அதை வெளியே எடுக்கும்போது கரைசலும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். இரண்டிலும் அளவு கெட்டுப்போகும். குலுக்குவதற்கு ஷேக், கம்பியோ கரண்டியோ விட்டுக் கலக்குவதற்கு ஸ்டேர், பாத்திரத்தையே வட்டமாக அசைப்பதற்கு ஸ்வேர்ல். இந்த மூன்றையும் மாற்றிப் போடாதீர்கள்.

சேர்ன் என்பது சுழற்சியே அல்ல. கப்பலின் உந்துவிசிறி நீரை நுரைக்க நுரைக்கக் கலக்கும்போது வருவது அது. திசை இருக்காது, கொந்தளிப்புத்தான் இருக்கும். ட்வேர்ல் நீருக்கு ஒட்டாது. கோலையோ முடிக்கற்றையையோ விரலால் சுழற்றும்போது வரும்.

ரிப்பிள், அதாவது சிற்றலை, வட்ட வடிவத்தால் ஏமாற்றும். கல் விழுந்ததும் வளையங்கள் விரிந்துகொண்டே போகின்றன, ஆனால் நீர் அந்த வளையத்தின் வழியாகச் சுற்றிப் போவதில்லை. மேலே மிதக்கும் இலை அதே இடத்தில் ஏறி இறங்கும், அவ்வளவுதான். அந்தக் காட்சிக்கு ஸ்வேர்ல் என்றோ எடி என்றோ எழுதினால், வாசகர் அந்த இலையைச் சுற்றவிட்டுப் பார்ப்பார்.