டெட்டனஸ் சீரம் போட்ட குதிரைக்குக் காமாலை வந்தால்

காயம்பட்ட குதிரைக்கு டெட்டனஸ் (ரணஜன்னி) எதிர்ச்சீரம் போட்ட தேதியை லாயப் பதிவேட்டில் எழுதிவிட்டு, அன்றிலிருந்து 10 வாரம் அதன்மேல் கண் வையுங்கள். அந்தச் சீரம் இன்னொரு குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்தது. அதில் குதிரைப் பார்வோவைரஸ் இருந்தால் ஊசி வழியே உள்ளே போய்க் கல்லீரலைத் தாக்கும். பிளாஸ்மா (ரத்தத்தின் திரவப் பகுதி) ஏற்றினாலும் இதே ஆபத்து உண்டு. தென்னாப்பிரிக்காவில் கால்நடை மருத்துவர் ஆர்னால்ட் தைலர் 100 ஆண்டுக்கு முன்பே இந்த நோயை விவரித்துவிட்டார். வைரஸ் பிடிபட்டது 2018இல்தான், அமெரிக்காவில் சீரம் போட்டபின் இறந்த ஒரு குதிரையில்.

தொற்றிய குதிரைகளில் பெரும்பாலானவை வெளியே எதுவும் காட்டாது. நோய் வெளிப்பட்டால் 4 முதல் 10 வாரத்துக்குள் வரும், வேகமாக முற்றும். தீனியை ஒதுக்கும், சிறுநீர் கருக்கும், கண்ணும் ஈறும் மஞ்சளாகும். ரத்தத்தில் அம்மோனியா ஏறி மூளையைத் தொட்டதும் அடிக்கடி கொட்டாவி விடும், வட்டமிடும், சுவரில் தலையை முட்டி அழுத்தும். அப்போது கொட்டிலுக்குள் தனியாக நுழையாதீர்கள்.

மஞ்சளை மட்டும் நம்பக் கூடாது. பட்டினி கிடந்த எந்தக் குதிரைக்கும் மஞ்சள் நிறம் தரும் பிலிருபின் ரத்தத்தில் ஏறும். காய்ச்சலும் வெளிறிய ஈறும் சேர்ந்திருந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம், கண்ணாடித் தகட்டில் ரத்தப் பூச்சு எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். ரத்தப் பரிசோதனையில் ஏஎஸ்டி என்ற நொதி, தசை அடிபட்டாலும் கூடும். கல்லீரலுக்கு ஜிஎல்டிஎச், ஜிஜிடி என்ற நொதிகள் இரண்டையும் கேளுங்கள். குதிரை தேறும்போதும் ஜிஜிடி சில நாள் ஏறிக்கொண்டே போகலாம். ஜிஎல்டிஎச் இறங்கி, பசி திரும்பினால் அது நல்ல அறிகுறி. வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையில் அது தெரிந்தாலே இதுதான் காரணம் என்று முடிவுகட்ட வேண்டாம். நோயில்லாத குதிரையிலும் அது நெடுநாள் தங்கும்.

வைரஸைக் கொல்ல மருந்தில்லை. கல்லீரல் தன்னைச் சீர்செய்துகொள்ளும்வரை குதிரையைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. மருத்துவர் டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை) கலந்த திரவம் ஏற்றுவார். அம்மோனியாவைக் குறைக்க லாக்டுலோஸ், எடையில் கிலோவுக்கு 0.2 முதல் 0.3 மி.லி.; 400 கிலோ குதிரைக்கு ஒரு வேளைக்கு 80 முதல் 120 மி.லி. மிகுந்தால் கழிச்சல் வரும். விழுங்க முடிகிற குதிரைக்கு வாயோரம் சிரிஞ்சால் கொடுப்பதே நல்லது. மூக்கில் குழாய் விட்டு ரத்தம் கசிந்து வயிற்றுக்குள் போனால், அந்தப் புரதமே அம்மோனியாவாகும். மிரளும் குதிரையை அமைதிப்படுத்த சைலசின் மருந்து குறைந்த அளவில் போதும், டயசிபாம் வேண்டாம்.

தீவனத்தில்தான் பலர் தவறுகிறார்கள். இளைத்துவிட்டதே என்று கொள்ளு அவித்து வைப்பார்கள். கொள்ளில் புரதம் 20 சதவீதத்துக்கும் மேல், இந்தக் கல்லீரலுக்கு அது சுமை. குதிரைமசாலும் அப்படியே. உலர்ந்த புல், உடைத்த மக்காச்சோளம், கொஞ்சம் வெல்லப்பாகு ஆகியவற்றை நாளுக்கு 5, 6 வேளையாகப் பிரித்து வையுங்கள். வெயிலில் கட்டாதீர்கள், வெள்ளைத் தோல் உள்ள இடம் வெந்து உரியும்.

சீரத்தின் தேவையே வராமல் பார்ப்பதுதான் பாதுகாப்பு. டெட்டனஸ் டாக்ஸாய்டு தடுப்பூசி குதிரை ரத்தத்தில் செய்தது அல்ல. 4 முதல் 6 வார இடைவெளியில் இரண்டு, பிறகு ஆண்டுக்கு ஒன்று, சினைக்குதிரைக்கு ஈனுவதற்கு 4 முதல் 6 வாரம் முன் ஒன்று. தடுப்பூசியே போடாத குதிரை காயம்பட்டால் மட்டும் சீரத்தைத் தவிர்க்காதீர்கள்; டெட்டனஸ் இதைவிடக் கொடியது. ஊசி குதிரைக்கு ஒன்று, புதிதாக.