பழைய துளைக்குள் புதிய கீ

"அண்ணே, ஆறு கீயையும் மாத்திடுங்க. சுருதி நிக்கவே மாட்டேங்குது."

போன மாதம் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி ஒரு தம்பி பினாங்குத் தீவில் உள்ள என் பட்டறைக்கு வந்தார். தோளில் டெலிகாஸ்டர் வகைக் கிட்டார், கையில் பெட்டி பிரிக்காத புதுக் கீ செட், அதாவது கம்பியை இறுக்கிச் சுருதி சேர்க்கும் முறுக்காணிகள். 280 மலேசிய வெள்ளியாம். கல்யாண வீடுகளில் வாசிக்கிற பையன், அவருக்கு அது சின்னப் பணம் இல்லை. பெட்டியைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிட்டாரை மேஜையில் கிடத்தினேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. கீயில் ஒரு குறையும் இல்லை.

அன்று செய்ததை இங்கே எழுதுகிறேன். கிட்டார் வைத்திருப்பவர்களுக்கும், சொந்தமாகச் செய்து பார்க்கிற தம்பிமார்களுக்கும் பயன்படும். பழைய வடிவத்தையே பிடித்துக்கொள்வதா, பாகங்களைப் புதுப்பிப்பதா என்று கேட்காத வாடிக்கையாளர் எனக்குக் குறைவு. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் அளவுக் கருவிகளோடு வேலை செய்துவிட்டு, ஜெலுத்தோங் வீட்டின் பின்கட்டில் கிட்டார் பார்க்க ஆரம்பித்தவன் நான். எதையும் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

முதல் வேலை, குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. மூன்றாவது கம்பியைச் சரியாகச் சுருதி சேருங்கள். 12ஆவது ஃப்ரெட்டில் (விரல் பலகையின் உலோகக் கட்டு) அதை ஒரு முழு ஸ்வரம் ஏறும்வரை வளைத்து விடுங்கள், மூன்று முறை. மறுபடி மீட்டுங்கள். சுருதி இறங்கியிருக்கிறதா? இப்போது கீயைத் தொடாமல், நட்டுக்கும் (கழுத்து முனையில் கம்பிகள் பள்ளத்தில் உட்காரும் சிறு கட்டை) கீக்கும் இடையில் உள்ள கம்பியை விரலால் ஒரு முறை அழுத்தி விடுங்கள். 'டிங்' என்று சின்னச் சத்தம் கேட்டு, சுருதி பழைய இடத்துக்கு ஏறினால் குறை நட்டில். வளைக்கும்போது கம்பி நட்டைத் தாண்டி வெளியே இழுபடுகிறது. பிறகு திரும்பிப் போக முடியாமல் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. அவ்வளவுதான் விஷயம். பட்டர்வொர்த் தம்பி முன்பு 9 அளவு மெல்லிய கம்பிச் செட் போட்டிருந்தார், பிறகு 11க்கு மாறினார். நட்டின் பள்ளங்கள் மெல்லிய கம்பிக்கு வெட்டியவை. தடித்த கம்பி அதில் ஆப்பு மாதிரி இறுகிவிட்டது.

கீயின் மேல் பழி போடுவதற்கு முன்னால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. திருகுப் பல் ஒன்று சக்கரத்தைச் சுழற்றுகிறது. நாம் பிடியைத் திருகினால் சக்கரம் சுற்றும். கம்பி எவ்வளவு இழுத்தாலும் சக்கரம் பிடியைத் திருப்பாது. ஆகவே பல் தேயாத கீ தானாக நழுவுவதில்லை. 15க்கு 1, 18க்கு 1 என்று பெட்டியில் போட்டிருக்கிறார்களே, அது நுணுக்கத்துக்கான கணக்கு: பிடியை 15 அல்லது 18 சுற்றுச் சுற்றினால், கம்பி சுற்றிக்கொள்ளும் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். தண்டு 6 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், 15க்கு 1 கீயில் பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் கம்பி சுமார் 1.25 மில்லிமீட்டர் நகரும். 18க்கு 1 என்றால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். சுருதி சேர்ப்பது கொஞ்சம் சுலபமாகும். சேர்த்த சுருதி நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நட்டைச் சரிசெய்ய, பள்ளத்தின் அளவுக்கு ஏற்ற பழைய சுற்றுக் கம்பித் (மேலே மெல்லிய உலோக இழை சுற்றிய கம்பி) துண்டு ஒன்றை எடுங்கள். 800 நம்பர் உப்புத்தாளை மெல்லிய நாடாவாக வெட்டி அதன் மேல் மடித்து, பள்ளத்தில் முன்னும் பின்னும் இழுங்கள். பக்கவாட்டில்தான் அகல வேண்டும், ஆழம் கூடக் கூடாது. பத்து இழுப்புக்கு ஒரு முறை கம்பியைப் போட்டுப் பாருங்கள். பள்ளத்தின் அடி, கீகள் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் பக்கம் இலேசாகச் சரிந்திருக்க வேண்டும். கடைசியாக 4பி பென்சிலைத் தேய்த்து அந்தக் கரித்தூளை உள்ளே தடவுங்கள். கிப்சன் கம்பெனி வகைக் கிட்டார்களில் இன்னும் பொறுமை வேண்டும். அங்கே ஹெட்ஸ்டாக் பின்பக்கம் சாய்ந்திருக்கும், நடுவில் உள்ள இரண்டு கம்பிகளும் நட்டைத் தாண்டியதும் பக்கவாட்டில் திரும்பும். ஃபெண்டர் கம்பெனி வகையில் கம்பி நேர்கோட்டில் போகிறது. 70 வருடத்துக்கு முந்தைய அந்த ஏற்பாட்டை இன்றுவரை யாரும் மிஞ்சவில்லை என்பது என் அபிப்பிராயம்.

பழையதை அப்படியே வை என்று நான் சொல்வதாக இதற்குள் நினைத்துவிட வேண்டாம். "விண்டேஜ்" என்கிறார்களே, எந்த வருடத்து விண்டேஜ்? 1952இல் கிப்சனிலிருந்து வந்த முதல் லெஸ் பால் கிட்டாரில், உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் கட்டைக்கு அடியில் கம்பிகள் போயின. உள்ளங்கையை வைத்துச் சத்தத்தை அடக்கி வாசிக்க இடமே இல்லை. அடுத்த வருடமே அதைத் தூக்கிவிட்டார்கள். 1954இல் லெஸ் பால் கஸ்டமில் ஒவ்வொரு கம்பிக்கும் தனியாகச் சுருதி நீளம் வைக்கும் டியூன்-ஓ-மாட்டிக் பிரிட்ஜ் வந்தது. 1950இல் பிராட்காஸ்டராக வந்து பிறகு டெலிகாஸ்டர் ஆன கிட்டாரில் லியோ ஃபெண்டர் ஆறு கம்பிக்கு மூன்று சாடில்தான் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் சிறு தாங்கி) வைத்தார். நான்கே வருடத்தில் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு ஆறு சாடில் போட்டார். 1965இல் தம் கம்பெனியை விற்ற பிறகும், 1991இல் இறக்கும்வரை வேறு பெயர்களில் புதுப் பிரிட்ஜ் செய்துகொண்டேதான் இருந்தார். பழைய வடிவத்தைச் செய்த மனிதர் அதோடு நின்றுவிடவில்லை.

அந்த மூன்று சாடில் சங்கதியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது தப்பான வடிவம் இல்லை. அந்தக் காலத்தில் மூன்றாவது கம்பியும் சுற்றுக் கம்பிதான். நான்காவதும் மூன்றாவதும் நடுச் சாடிலைப் பகிர்ந்துகொண்டால் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே நீளம் பொருந்தியது. பின்னால் எல்லாரும் மெல்லிய செட்டுக்கு மாறினோம், மூன்றாவது கம்பி வெறுங்கம்பி ஆகிவிட்டது. வெறுங்கம்பிக்குத் தேவையான நீளம் வேறு. ஒரே சாடில் இரண்டையும் திருப்திப்படுத்தாது. நான்காவதைச் சரிசெய்தால் மூன்றாவது 12ஆவது ஃப்ரெட்டில் விலகும், மூன்றாவதைச் சரிசெய்தால் நான்காவது போய்விடும். கம்பி மாறிவிட்டது, ஆகவே சாடிலும் மாறத்தான் வேண்டும். சாய்வாக வெட்டிய பித்தளைச் சாடில்கள் மூன்று கிடைக்கின்றன. அதே பிரிட்ஜில், அதே திருகாணியில் உட்காரும். துளை ஒன்றும் வேண்டாம். பார்வைக்கும் பழைய கிட்டாராகவே இருக்கும். பட்டர்வொர்த் தம்பி கீ செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இதைத்தான் வாங்கிப் போட்டுக்கொண்டார்.

நான் எப்போதும் பிடிக்கிற விதி இதில் இருக்கிறது. வேலை செய்கிற பாகத்தைப் புதுப்பிக்கலாம், ஆனால் அது பழைய துளைக்குள் உட்கார வேண்டும். மரத்தைத் தொட வேண்டியிருந்தால் ஒரு வாரம் ஆறப் போடுங்கள்.

இந்த விதியை நான் ஒரு தப்புச் செய்துதான் கற்றேன். கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்து இசைக்குழுவில் தன் அப்பா வாசித்த ஜப்பான் கிட்டாரை ஒருவர் கொண்டுவந்தார். கீயில் பல் தேய்ந்திருந்தது. பழைய வகைக் கீக்கு ஹெட்ஸ்டாக் துளை சுமார் 8.8 மில்லிமீட்டர், புது வகைக்கு 10. என்னிடம் 10 மில்லிமீட்டர் கீ இருந்தது. ஆறு துளையையும் அகட்டிவிட்டேன். வேலை சுத்தமாகத்தான் வந்தது. அவர் கிட்டாரைத் திருப்பி, பின்பக்கம் வெறுமையாகத் தெரிந்த பழைய திருகாணித் துளைகளைப் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. 8.8 துளைக்குள்ளேயே போகிற, பழைய முகத்தோடு உள்ளே கம்பிப் பூட்டு வைத்த கீயை ஜப்பானில் கோத்தோ கம்பெனி செய்கிறது என்று எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. ஒரு வாரம் பொறுத்திருந்தால் அதை வரவழைத்திருப்பேன். இன்றும் அந்தப் பெருவிரல் என் கண்ணில் நிற்கிறது.

பூட்டுக் கீக்கு ஒரு நல்ல காரணம் உண்டு. மேடையில் பாட்டு நடுவே கம்பி அறுந்தால், தண்டைச் சுற்றி மூன்று சுற்று வரிசையாக அடுக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. பூட்டுக் கீயில் கம்பியை நுழைத்து, இறுக்கி, அரைச் சுற்றில் சுருதிக்கு வந்துவிடலாம். மேடையில் வாசிப்பவர் என்றால் தயங்காமல் போடுங்கள். வீட்டில் வாசிப்பவருக்கு அந்தக் காசில் பத்து செட் கம்பி வாங்கலாம்.

சரி, இனி நம் ஊர்ச் சங்கதி. பினாங்கில் ஈரப்பதம் ஆண்டு முழுக்க 80 சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கிறது, போதாததற்குக் கடல் காற்று. அதோடு கை வியர்வை. ஸ்ட்ராட்டோகாஸ்டர் சாடிலின் உயரத் திருகாணிகள் சாதாரண எஃகு என்றால் இரண்டே வருடத்தில் துருப்பிடித்து இறுகும். பிறகு அறுகோணச் சாவி சுற்றும், திருகாணி சுற்றாது. அந்த 12 குட்டித் திருகாணிகளையும் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றுங்கள். இங்கே வசிக்கிற யாருக்கும் நான் சொல்கிற முதல் செலவு இதுதான். சாடில் பழையதாகவே இருக்கட்டும். வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். அமெரிக்கக் கிட்டாரில் மரை அங்குலக் கணக்கு, 4-40 என்பார்கள், சாவி 0.050 அங்குலம். ஆசியாவில் செய்த பெரும்பாலானவற்றில் எம்3 மரை, 1.5 மில்லிமீட்டர் சாவி. இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். எம்3ஐ 4-40க்குள் வலுக்கட்டாயமாகத் திருகினால் சாடிலே போய்விடும். விரலால் இரண்டு சுற்று இலகுவாகப் போகாத திருகாணியை அங்கேயே நிறுத்துங்கள்.

இறுகிப்போனதை எடுக்க, ஊடுருவும் எண்ணெயை ஊசி முனையில் ஒரு சொட்டு வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் சூடான சால்டரிங் அயர்ன் முனையைத் திருகாணித் தலையில் பத்து விநாடி வைத்து, ஆறியதும் முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு, பிறகு கழற்றும் பக்கம். சாடிலைப் பிரிட்ஜிலிருந்து எடுத்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கிட்டார் மேல் உள்ள பெயின்ட் கெடும்.

முழுப் பிரிட்ஜையும் மாற்றுவதென்றால் ஆர்டர் போடும் முன் ஓர் அளவு எடுங்கள். ஆறு திருகாணி ட்ரெமோலோவில் (கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஆட்டும் பிரிட்ஜ்) இந்தக் கோடித் திருகாணியின் நடுவிலிருந்து அந்தக் கோடித் திருகாணியின் நடுவுக்கு அமெரிக்க வகையில் சுமார் 56 மில்லிமீட்டர். ஆசிய வகை பலவற்றில் 52.5. 3.5 மில்லிமீட்டர்தானே என்று மரத்தில் புதுத் துளை போட்டவர்கள் என் பட்டறைக்கு வந்து வருத்தப்பட்டிருக்கிறார்கள். இரண்டு கால் ட்ரெமோலோ இலகுவாக ஆடும், உண்மைதான். ஆனால் அதற்கு மரத்தைக் குடைய வேண்டும். பழைய கிட்டாரில் நான் அதைச் செய்வதில்லை.

புதிதாகச் செய்கிறவர்களுக்கு இந்தத் தயக்கம் தேவையில்லை, இன்னும் துளை போடவில்லையே. 648 மில்லிமீட்டர் கம்பி நீளம், நான்கு திருகாணியில் கழற்றி மாட்டும் நெக் (கழுத்து), இவை பழையபடியே இருக்கட்டும். நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள் எஃகுத் தண்டான ட்ரஸ் ராட்டின் திருகை மட்டும் ஹெட்ஸ்டாக் பக்கம் வையுங்கள். பழைய ஃபெண்டர் முறையில் அது நெக்கின் அடியில் இருக்கும். கால் சுற்றுத் திருக, கம்பியைத் தளர்த்தி நெக்கையே கழற்ற வேண்டும். வீட்டில் ஈரம், மண்டபத்தில் ஏர்கண்டிஷன் என்று மாறி மாறிப் போகிற நம் கிட்டார்களுக்கு அது பெரிய தண்டனை. விரல் பலகையின் வளைவு ஆரத்தை 7.25 அங்குலத்துக்குப் பதில் 9.5 ஆக்கினால் மேல் ஃப்ரெட்டுகளில் கம்பியை வளைக்கும்போது சத்தம் செத்துப்போகாது. பழைய மணத்துக்காக நைட்ரோ வார்னிஷ் அடிப்பவர்கள் முன்கை படுகிற இடத்தை ஒரு வருடம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், இந்த வெக்கையில் பிசுபிசுக்கும்.

மின்சாரப் பாகங்கள் பற்றி ஒரு வார்த்தை. 2015இல் கிப்சன் தன் பெரும்பாலான மாடல்களில் மோட்டார் வைத்துத் தானே சுருதி சேர்க்கும் கீயையும், உயரம் மாற்றக்கூடிய பித்தளை நட்டையும் போட்டு, நெக்கையும் அகலப்படுத்தியது. விலையும் ஏறியது. வாசிப்பவர்கள் ஏற்கவில்லை. அடுத்த வருடமே பழைய பாணியைத் தனி வரிசையாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள். வாசிப்பவருக்குப் பழைமை மேல் மோகம், அதனால்தான் தோற்றது என்பார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. 19 வருடம் சர்க்யூட் பலகை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், இன்று செய்த பலகைக்குப் பத்து வருடம் கழித்து மாற்றுப் பாகம் கிடைப்பது அபூர்வம். அந்தத் தோட்டத்துக் கிட்டார் 40 வருடம் தாண்டியும் ஒரு திருப்புளியால் திறக்க முடிந்தது. எதைப் புதுப்பித்தாலும் திருப்புளியால் கழற்ற முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

மாற்றி முடித்ததும் கழற்றிய பழைய பாகங்களைக் குப்பையில் போடாதீர்கள். கீ, திருகாணி, சாடில் எல்லாவற்றையும் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, ஜிப் பையில் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றோடு போட்டு, எந்தத் தேதியில் எதை மாற்றினோம் என்று ஒரு சீட்டில் எழுதி, கிட்டார் பெட்டியின் மூடிப் பைக்குள் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சிலிகா ஜெல்லை மாற்றுங்கள்.