ஊரில் வாகனம் ஓட்ட வெளிக்கிடுமுன்

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்தில் போய் இறங்கியதும் மச்சானின் காரையோ மருமகனின் ஸ்கூட்டியையோ வாங்கிக்கொண்டு வெளிக்கிடுவதுதான் எங்கட ஆக்களின் வழக்கம். "ஒருத்தரும் மறிக்க மாட்டாங்கள்" என்று வீட்டுக்காரரும் சொல்லுவார்கள். பெரும்பாலும் மறிக்கவும் மாட்டார்கள்தான். எங்காவது முட்டுப்பட்ட பிறகுதான் வில்லங்கம் தெரியவரும். ஓட்டியவரிடம் இலங்கையில் செல்லுபடியாகும் சாரதி அனுமதிப்பத்திரம் இல்லையென்றால், ஃபுல் இன்சூரன்ஸ் போட்ட வாகனமாக இருந்தாலும் காப்புறுதி நிறுவனம் கையை விரித்துவிடும். நீங்கள் லீவு முடிய விமானம் ஏறிவிடுவீர்கள். வழக்கும் செலவும் வாகனச் சொந்தக்காரரின் தலையில்.

வெளிநாட்டு லைசென்ஸ் மட்டும் கையில் இருந்தால் இலங்கையில் ஓட முடியாது. அதோடு சர்வதேச அனுமதிப்பத்திரமும் வேண்டும், அதுவும் 1949ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்து உடன்படிக்கைப்படி வழங்கியதாக இருக்கவேண்டும். லண்டனில் இருப்பவர்கள் இதைப் பேபொயின்ற் கடைகளில் 5.50 பவுண்ஸுக்கு எடுக்கலாம். அங்கே 1926, 1949, 1968 என்று மூன்று வகை விற்கிறார்கள், ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள். ஜேர்மனியிலும் சுவிஸிலும் பொதுவாகக் கொடுப்பது 1968ஆம் ஆண்டு வகை. அதை நம்பி வராமல், இலங்கையில் தற்காலிக அனுமதிப்பத்திரம் எடுப்பதாகவே திட்டமிடுங்கள். 1949 பத்திரம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு படி மிச்சம் இருக்கிறது: கொழும்பு 3இல் உள்ள இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்தில் அதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். பலர் தவறவிடுவது இந்தப் படியைத்தான்.

தற்காலிக அனுமதிப்பத்திரம் கொழும்புக்குப் பக்கத்தில், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் வெரஹெர அலுவலகத்தில் கிடைக்கும். 2025 ஓகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே இதற்கு ஒரு கவுண்டர் இருக்கிறது. வந்திறங்கும்போதே அலுவலை முடித்தால் வெரஹெரவுக்கு ஒருநாள் அலையத் தேவையில்லை. பத்திரம் கைக்கு வந்ததும் எந்த வகை வாகனத்துக்குத் தந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கார் பி, மோட்டார் சைக்கிள் ஏ. கார் லைசென்ஸில் ஸ்கூட்டி ஓடலாம் என்பது ஊரில் பரவிக் கிடக்கிற பிழையான நம்பிக்கை. லண்டன் பிள்ளைகள் ஸ்கூட்டி ஓட ஒருநாள் பயிற்சியோடு எடுக்கிற சிபிடி சான்றிதழ் பிரித்தானியாவுக்கு வெளியே செல்லாது.

சொந்தக்காரரின் வாகனத்தை எடுக்கமுதல் முன்கண்ணாடியில் இருக்கிற வருமான அனுமதிப்பத்திரத்தின் (வருடாந்த வாகன வரிப் பத்திரம்) திகதியைப் பாருங்கள், காப்புறுதி அட்டையையும் கேளுங்கள். வெறும் தேர்ட் பாட்டி என்றால் காரின் சேதம் உங்கள் கணக்கில்தான். வாடகைக்கு எடுக்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். வீட்டுப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த காரை நாள் வாடகைக்கு விடுகிறவர்கள் நிறையப் பேர். அது விபத்தில் சிக்கினால் வாடகைக்கு விட்டதைக் காட்டியே இழப்பீட்டை மறுத்துவிடுவார்கள். வாடகைப் பாவனைக்கான காப்புறுதியா என்று எழுத்தில் வாங்குங்கள். முகம் சுழித்தால் வேறிடம் பாருங்கள்.

இனி ஓட்டம். லண்டன்காரர் இடப்பக்க ஓட்டம் பழக்கம் என்று தைரியமாக இருப்பார்கள். ஆனால் இலங்கையில் ஓடுகிற ஜப்பான் கார்களில் சிக்னல் தடி ஸ்ரியறிங்குக்கு வலப்பக்கம். சந்தியில் திரும்பச் சிக்னல் போடப் போய் வைப்பரைப் போட்டுவிடுவீர்கள், பின்னால் வருகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. வீட்டு முற்றத்தில் நிறுத்திவைத்து ஐந்து நிமிடம் கையைப் பழக்குங்கள். கனடா, பிரான்ஸ், நோர்வேக்காரருக்குப் பெரிய ஆபத்து வலப்பக்கம் திரும்பும்போதுதான். நேரே ஓடும்போது முன்னால் போகிற வாகனம் வழிகாட்டும். வெறிச்சோடிய காலை நேரத்தில் ஒழுங்கையிலிருந்து வீதிக்கு ஏறும்போது பழைய பழக்கம் உங்களை எதிர்ப்பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிடும்.

லைற் அடிப்பதன் பொருளும் தலைகீழ். லண்டனில் எதிரில் வருகிறவர் லைற் அடித்தால் "நீங்கள் போங்கோ" என்று எடுத்துக்கொள்வோம். இங்கே "நான் வாறன், நீ நில்" என்று அர்த்தம். மினிபஸ்காரன் லைற் அடித்தபடி உங்கள் பக்கத்துக்குள் வந்து முந்துவான். அவன் பிழை என்பதில் சந்தேகமில்லை, ஆனாலும் வீதியோரம் ஒதுங்க வேண்டியவர் நீங்கள்தான். முன்னால் போகிற லொறி இடப்பக்கச் சிக்னல் போட்டால் முந்தலாம் என்கிறான். வலப்பக்கம் போட்டால் திரும்பப் போகிறான், அல்லது எதிரில் வாகனம் வருகிறது. இரண்டில் எது என்று தெரியாதவரை முந்தாதீர்கள். ஹோர்ண் இங்கே கோபம் அல்ல. முடக்குகளிலும் மதில் உயர்ந்த ஒழுங்கை வாசல்களிலும் நீங்களும் அடிக்கத்தான் வேண்டும்.

மஞ்சள் கடவையில் ஆள் நின்றால் நிற்பது சட்டம். ஆனால் சடாரென்று நிற்காமல், கண்ணாடியில் பின்னால் வருகிறவனைப் பார்த்து, தூரத்திலேயே வேகத்தைக் குறையுங்கள். காருக்கு ஊர்மனைக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர், அதிவேக வீதியில் 100. ஓட்டோவுக்கு 40.

போருக்குப் பிறகு வீதிகளைக் காப்பற் போட்டது நல்லதுதான். ஆனால் நடைபாதையும் சைக்கிள் தடமும் இல்லாமல் வேகத்தை மட்டும் கூட்டிவிட்டார்கள். பழைய தாரின் மேல் புதிய தார் ஏறியதில் பல இடங்களில் வீதி விளிம்பு மண் கரையைவிட உயர்ந்து நிற்கிறது. ஒதுங்கும்போது சைக்கிளின் முன்சில்லு அந்த விளிம்பால் இறங்கினால், சரிவாகத் திரும்ப ஏற்றப் பார்க்காதீர்கள். விளிம்பில் உரசிச் சில்லு வழுக்கும், வீதிக்குள்தான் விழுவீர்கள். மண்ணிலேயே நிறுத்தி, இறங்கி, தூக்கி வையுங்கள்.

தண்டவாளக் கடவைகள் தனிக் கவனம் கேட்கும். காங்கேசன்துறைப் பாதையில் கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம் என்று வரிசையாக ஒழுங்கைகள் தண்டவாளத்தைக் கடக்கின்றன. கேற் இல்லாதவையும் உண்டு, மணியும் விளக்கும் மட்டும் உள்ளவையும் உண்டு. சாவகச்சேரி, மீசாலை, கொடிகாமம் பக்கம் ஏ9இலிருந்து இறங்கினால் சில இடங்களில் உடனேயே தண்டவாளம் குறுக்கிடும். ஏசி போட்டுக் கண்ணாடி ஏற்றிய காருக்குள் ரெயின் சத்தம் கேட்காது. பாட்டை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, இரண்டு பக்கமும் பார்த்துத்தான் கடக்கவேண்டும். மணி அடிக்கவில்லை என்பதை அத்தாட்சியாக எடுக்காதீர்கள்.

கட்டுநாயக்கவிலிருந்து ஊருக்கு நீங்களே ஓடாதீர்கள். இரவு விமானத்தில் நித்திரை கொள்ளாமல் வந்து ஏழெட்டு மணித்தியாலம் ஓடுவது புத்தியல்ல. சாரதியோடு வான் பிடியுங்கள், இல்லாவிட்டால் ரெயின். ஓடித்தான் ஆகவேண்டும் என்றால் பகலில் ஓடுங்கள். புத்தளம்–அனுராதபுரம் வீதியில் இருட்டினால் யானை வரும். வன்னியில் பின்லைற் இல்லாத லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் வீதியில் படுத்திருக்கிற கட்டாக்காலி மாடும் எதிர்ப்படும். தார் பகல் சூட்டை வைத்திருப்பதால் மாடுகள் இரவில் அங்கேயே படுக்கும், கறுத்த மாடு கிட்டப் போகும்வரை தெரியாது. அறுவடைக் காலத்தில் பாதி வீதியில் நெல் காயும், ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள்.

ஊருக்குள் திரிய எங்கள் சிபாரிசு சைக்கிள்தான். குடாநாடு தட்டை, லைசென்ஸ் தேவையில்லை, ஒழுங்கைக்குள் காரைத் திருப்பித் திண்டாடவும் வேண்டாம். வீட்டில் நிற்கிற லுமாலாவை எடுங்கள். முதலில் பிறேக் கட்டைகளைப் பாருங்கள். பாவிக்காமல் நின்ற சைக்கிளில் றப்பர் இறுகிப் போயிருக்கும், பிடித்தாலும் வழுக்கும், மாற்றச் செலவு சொற்பம். உவர்க்காற்றில் செயின் கறள் பிடித்திருக்கும், மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட்டு எண்ணெய் போடுங்கள். 26 அங்குல ரயருக்கு 45 பிஎஸ்ஐ அளவில் காற்று போதும். மண்பாதையில் நெருஞ்சி முள்ளு ஏறும். காற்றுப் போனால் புது ரியூப் போடமுதல் ரயரின் உட்பக்கத்தைத் துணியால் சுற்றித் தடவி முள்ளை எடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் அரை மணியில் போகும். வெளிநாட்டிலிருந்து பந்தயச் சைக்கிள் கொண்டுவருகிறவர்கள் மெல்லிய பிரெஸ்ரா வால்வுக்கு ஒரு அடப்ரரும் இரண்டு ரியூப்பும் கொண்டுவாருங்கள். சந்திச் சைக்கிள் கடையில் அந்த அளவு கிடைப்பது அரிது.

தீவுப்பக்கம் போகிறவர்கள் காற்றைக் கணக்கெடுக்க வேண்டும். யாழ் நகரத்துப் பண்ணையிலிருந்து புங்குடுதீவின் குறிகட்டுவான் துறை ஏறத்தாழ 30 கிலோமீற்றர். மே முதல் செப்டெம்பர் வரை சோழகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும், போகும்போது முகத்தில், வரும்போது முதுகில். வேலணை–புங்குடுதீவுப் பாலத்தில் அது பக்கவாட்டிலும் தள்ளும், பஸ் முந்தும்போது ஒரு கணம் காற்று அறுந்து மீண்டும் அடிப்பதால் கைபிடி ஆடும். வெயில் ஏறமுன் காலை 6 மணிக்கு வெளிக்கிடுங்கள், ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீர். இருட்டினால் முன்னும் பின்னும் லைற் இல்லாமல் வராதீர்கள்.

விபத்து நடந்தால் அம்புலன்ஸ் 1990, இலவசம். பொலிஸ் 119. வாகனத்தை நகர்த்தமுதல் நாலு பக்கமும் படம் எடுத்து, காப்புறுதி அட்டையில் உள்ள எண்ணுக்கு அங்கிருந்தே அழையுங்கள். ஆளுக்குக் காயம் என்றால் சாரதியை நீதவான் முன் நிறுத்துவார்கள், பரிசோதிக்கும்வரை வாகனம் பொலிஸில் நிற்கும், உங்கள் பயணமும் தள்ளிப்போகலாம். சின்னக் குற்றத்துக்கு மறித்தால் காசு நீட்டாதீர்கள், தண்டச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பொலிஸ் அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு சீட்டைத் தரும். 14 நாளுக்குள் கட்டவேண்டும். தபாற்கந்தோரில் கட்டினால், பற்றுச்சீட்டை அதே பொலிஸ் நிலையத்தில் காட்டிப் பத்திரத்தைத் திரும்ப எடுக்கவேண்டும். பிந்தினால் தண்டம் இரட்டிக்கும். வவுனியாவில் பிடிபட்டால் வவுனியாவுக்கே திரும்பப் போகவேண்டி வரலாம் என்பதால், கொழும்புக்குத் திரும்பும் கடைசி நாளில் ஸ்ரியறிங்கை வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள்.