ஆகஸ்ட் 15-க்குத் தேகுக்கி: அளவு தவறாமல் வரைய, முறை தவறாமல் ஏற்ற

1945 ஆகஸ்ட் 15 நண்பகலில் ஜப்பானியப் பேரரசர் ஹிரோஹிதோவின் சரணடைவு அறிவிப்பு வானொலியில் ஒலித்தது. 1910-இல் தொடங்கிய 35 ஆண்டு அடிமை வாழ்வு கொரியர்களுக்கு அன்று முடிந்தது. அந்த நாளைத் தென்கொரியா குவாங்போக்ஜொல் என்று கொண்டாடுகிறது. 'குவாங்' என்றால் ஒளி, 'போக்' என்றால் மீட்டல். 1948-இல் இதே தேதியில்தான் தென்கொரிய அரசும் நிறுவப்பட்டது. அன்று வீட்டு வாசலிலும் அடுக்குமாடி பால்கனியிலும் தேசியக் கொடியான தேகுக்கியை ஏற்றுவார்கள். விழாக்களுக்குக் கையால் வரைபவர்களும் உண்டு. வரைவதிலும் சரி, ஏற்றுவதிலும் சரி, பெரும்பாலான பிழைகள் எது எந்தப் பக்கம் என்ற குழப்பத்தில்தான் பிறக்கின்றன.

வரையத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. பழைய புகைப்படத்தையோ அருங்காட்சியகக் கொடியையோ பார்த்து வரையாதீர்கள். இன்றைய வடிவம் 1949 அக்டோபர் 15-இல்தான் உறுதியானது. அதற்கு முந்தைய கொடிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. சியோலில் உள்ள ஜின்குவான்சா கோவிலைச் செப்பனிட்டபோது 2009-இல் கிடைத்த கொடி, ஜப்பானியக் கொடியின் செவ்வட்டத்தின் மேலேயே மை பூசி வரையப்பட்டது. அதை வரைந்த கையின் துணிச்சலை நினைத்தால் மனம் கனக்கிறது. ஆனால் அதன் நான்கு மூலைகளிலும் உள்ள கறுப்புப் பட்டைக் குறிகளில் இரண்டு இன்றைய கொடியில் இடம் மாறியிருக்கின்றன. வணங்க வேண்டிய கொடி அது. பார்த்து எழுதும் மாதிரி அல்ல.

வரையும் முறை

சட்டப்படி நீளம் அகலம் 3:2. மற்ற எல்லா அளவும் நடுவட்டத்தின் விட்டத்தைச் சார்ந்தவை. அந்த விட்டம் கொடியின் அகலத்தில் பாதி. 36 செ.மீ. நீளம், 24 செ.மீ. அகலம் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு ஏறக்குறைய முழு எண்களாகவே வரும், ஏ3 தாளிலும் அடங்கும். பெரிதாக வேண்டுமானால் ஒவ்வோர் அளவையும் ஒரே எண்ணால் பெருக்குங்கள்: 90×60 கொடிக்கு 2.5.

செவ்வகம் போட்டதும் இரண்டு மூலைவிட்டங்களையும் பென்சிலால் மெலிதாக இழுங்கள். அவை வெட்டும் இடமே மையம். அங்கே கவராயத்தை ஊன்றி 6 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள்.

அடுத்து வட்டத்துக்குள் வரும் அலைக்கோடு. அதிகம் தவறுவது இங்கேதான். மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்குப் போகிற மூலைவிட்டத்தை மட்டும் கவனியுங்கள். அதன் மேல், மையத்துக்கு இரு பக்கமும் 3 செ.மீ. தள்ளி இரண்டு புள்ளிகள் வையுங்கள். இரண்டிலும் 3 செ.மீ. ஆரத்தில் அரைவட்டம் வரும்: இடப்புறப் புள்ளியில் மூலைவிட்டத்துக்குக் கீழே, வலப்புறப் புள்ளியில் மேலே. அலைக்கு மேலே சிவப்பு, கீழே நீலம். சரியாக வந்திருந்தால் சிவப்பின் பருத்த பகுதி இடப்பக்கமும் நீலத்தின் பருத்த பகுதி வலப்பக்கமும் இருக்கும். மூலைவிட்டத்தை விட்டுவிட்டு, தாளின் கிடைக்கோட்டில் அலையைப் படுக்க வைத்துவிடுவது பரவலான தவறு. அந்தச் சாய்வு இல்லாவிட்டால் அது தேகுக்கி ஆகாது.

இனி நான்கு மூலைக் குறிகள். ஒவ்வொன்றும் 6 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம் கொண்ட பெட்டிக்குள் அடங்கும். வட்டத்தின் விளிம்புக்கும் பெட்டிக்கும் இடைவெளி 3 செ.மீ. ஆகவே மையத்திலிருந்து மூலைவிட்டத்தின் மேல் 9, 10, 10.5, 11.5, 12, 13 செ.மீ. தூரங்களில் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் மூலைமட்டத்தை மூலைவிட்டத்தோடு பொருத்தி, செங்குத்தாக இரு பக்கமும் 3 செ.மீ. கோடு இழுங்கள். 9–10, 10.5–11.5, 12–13 ஆகிய மூன்றும் கரும்பட்டைகள். இடையில் உள்ள அரை செ.மீ. வெள்ளை. உடைந்த பட்டையென்றால் நடுவில் அரை செ.மீ. விட்டு இரண்டு துண்டாக்க வேண்டும். ஒரு துண்டு 2.75 செ.மீ. இந்த வெட்டை அகலமாக்கிவிட்டால் தூரத்திலிருந்து குறி சிதறித் தெரியும். பட்டைகளைத் தாளின் விளிம்புக்கு இணையாக நேராக நிறுத்துவதும் அடிக்கடி காணும் பிழைதான்.

எந்த மூலையில் எது? மேல் இடது 'கொன்', வானம்: மூன்றும் முழுப்பட்டை. அதற்கு நேர் எதிரே கீழ் வலது 'கோன்', நிலம்: மூன்றும் உடைந்தவை. மேல் வலது 'காம்', நீர்: நடுப்பட்டை மட்டும் முழுசு. கீழ் இடது 'ரி', நெருப்பு: நடுப்பட்டை மட்டும் உடைந்தது. காமும் ரியும்தான் இடம் மாறிப்போகும். துண்டுகளை எண்ணிப் பார்த்தால் போதும்: இடப்பக்கம் மேலே 3, கீழே 4, வலப்பக்கம் மேலே 5, கீழே 6. நான்கு குறிகளையும் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், அதனால் ஒரு குறி தலைகீழாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

சிவப்பை முதலில் பூசி நன்றாகக் காயவிட்டு நீலத்துக்குப் போங்கள். ஈரத்தோடு சேர்ந்தால் அலைக்கோட்டில் ஊதாக்கறை படியும். கறுப்பு கடைசியில். கணினியில் செய்பவர்கள் சிவப்புக்கு 205, 46, 58 என்றும் நீலத்துக்கு 0, 71, 160 என்றும் மதிப்புகள் கொடுக்கலாம்.

ஏற்றும் முறை

வீட்டுக்கு 135×90 அல்லது 90×60 செ.மீ. கொடி பொருத்தம். கம்பத்தின் உச்சியில் வரும் பொன்னிறக் குமிழ், செம்பருத்தி இனத்து முகுங்ஹ்வாவின் மொட்டு வடிவில் இருக்க வேண்டும்.

தெருவில் நின்று வீட்டைப் பார்க்கும்போது வாசலின் நடுவிலோ இடப்பக்கமோ கொடி இருக்க வேண்டும். பால்கனிக்கும் அதே கணக்கு. உள்ளே நின்று இடப்பக்கம் பார்த்துச் செருகிவிட்டு, வெளியிலிருந்து பார்த்தால் வலப்பக்கம் போயிருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கம்பத்தை ஒட்டி மேலே வர வேண்டியது மூன்று முழுப்பட்டைகள் கொண்ட கொன். கொடியின் மேல் விளிம்பு குமிழை ஒட்டியே இருக்கட்டும். கொடியின் அகலம் அளவுக்கு இறக்கிக் கட்டுவது துக்கத்தின் அடையாளம். அது ஜூன் 6 நினைவு நாளுக்கு உரியது. முடிச்சு தளர்ந்து கொடி தானாகச் சரிந்தாலும் பார்ப்பவருக்கு அப்படித்தான் தெரியும். மேல் முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு வெளியே நீட்டுங்கள்.

கம்பமில்லாமல் சுவரில் நெடுக்காகத் தொங்கவிட்டால், பார்ப்பவருக்கு மேல் இடது மூலையில் ரி வர வேண்டும். அதாவது, கிடையாக உள்ள கொடியைக் கடிகார முள் சுற்றும் திசையில் கால் சுற்று திருப்புங்கள். அப்போது கொன் மேல் வலதுக்குப் போகும், சிவப்பு வலப்பக்கம் நிற்கும். எதிர்த்திசையில் திருப்பினால் எல்லாமே பிசகும்.

வீடுகளில் காலை 7 மணிக்கு ஏற்றி மாலை 6 மணிக்கு இறக்குவது வழக்கம். இரவிலும் பறக்கவிடச் சட்டத்தில் இடமுண்டு, ஆனால் வெளிச்சம் போட வேண்டும். ஆகஸ்ட் 15 சனி அல்லது ஞாயிறில் வந்தால் மாற்று விடுமுறை கிடைக்கும். கொடிக்குரிய நாள் மட்டும் 15-ஆம் தேதியேதான்.

ஆகஸ்டில் கொரியாவில் மழையும் சூறாவளியும் சகஜம். கொடி கிழியும் அளவுக்குக் காற்றோ மழையோ இருந்தால் ஏற்ற வேண்டாம். ஓய்ந்த பிறகு ஏற்றலாம். உயர்ந்த மாடிகளில் இதைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள், தாங்கியிலிருந்து கழன்று விழும் கம்பம் கீழே போகிறவர் உயிருக்கே ஆபத்து. புதிய அடுக்குமாடிகள் சிலவற்றில் கம்பத் தாங்கியே இருக்காது. அங்கே கம்பியில் கயிறு சுற்றிச் சமாளிப்பதைவிட, கண்ணாடிக்கு உட்புறம் தொங்கவிடுவது நல்லது. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பக்கம் சரியாக இருக்கிறதா என்று கீழே இறங்கிப் பாருங்கள்.

இறக்கிய கொடியை ஈரத்தோடு பெட்டியில் வைத்தால் அடுத்த ஆண்டு வெள்ளைத்துணியில் பூஞ்சைப் புள்ளிகள்தான் மிஞ்சும். அழுக்கானால் துவைக்கலாம், இஸ்திரி போடலாம். சாயம் கலங்காத அளவுக்குக் குளிர்ந்த நீர் போதும். கிழிந்துபோனதைக் குப்பையில் போடக் கூடாது. மரியாதையாக எரித்துவிட வேண்டும், அல்லது வட்டார நிர்வாக அலுவலகமான ஜுமின் சென்டரில் பழைய கொடிகளுக்கென்று பெட்டி இருந்தால் அதில் சேர்க்கலாம்.